வால்வு ஆம்ப் சூடாகிறதே... பின்பலகையைக் கழற்றி வைக்கலாமா?

சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலையில் மின்விசிறிக் காற்றே அனலாகத்தான் வரும். பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம் என்று பெயர் பெற்ற ஊர். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்கள் இங்கே புதிதல்ல. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த அறையில் ஒரு வால்வு கிட்டார் ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் அதன் மேல்பக்கத்தில் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறிவிடும்.

அப்போது எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை ஒன்றுதான். "பின்னாடி இருக்கிற பலகையைக் கழட்டிட்டா காத்தோட்டம் கிடைக்குமே? சவுண்டும் இன்னும் கொஞ்சம் ஓப்பனா வருமே?"

யோசனையில் பாதி சரி. மீதிப் பாதி உயிருக்கே ஆபத்து. சுருக்கமாகச் சொன்னால், ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் கீழ்ப்பலகையைப் பெரும்பாலான ஆம்ப்களில் கழற்றிப் பார்க்கலாம். வால்வுகளையும் மின்சுற்றையும் மூடியிருக்கும் மேல்பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வால்வு ஆம்ப் என்றால் என்ன?

தாத்தா காலத்து ரேடியோ நினைவிருக்கிறதா? சுவிட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல ஏறும். அரை நிமிடம் கழித்துத்தான் இலங்கை வானொலி பேசத் தொடங்கும். அந்த வெளிச்சம் வந்தது வால்வுகளிலிருந்து. காற்றை வெளியேற்றி மூடிய கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சூடான உலோகம் எலெக்ட்ரான்களை வெளியிடும். உயர் மின்னழுத்தம் உள்ள தகடு அவற்றை இழுக்கும். நடுவில் இருக்கும் கம்பி வலை அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒலியைப் பெருக்குவதற்கு இவ்வளவுதான் அடிப்படை.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு ரேடியோவிலிருந்து வால்வுகள் மறைந்தன. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்து வந்தது. அன்று சாதாரண உதிரிபாகமாக இருந்த அந்த வால்வுகளை இன்று ஆம்ப் பிரியர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். காரணம், கிட்டார் உலகம் மட்டும் வால்வை விடவே இல்லை. அதிகமாக முடுக்கும்போது வால்வு ஒலியை உடைக்கும் விதம் காதுக்கு இதமாக இருக்கிறது என்பது கிட்டார் கலைஞர்களின் கணக்கு. ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல் என்று 1960களில் புகழ்பெற்ற பெயர்கள் இன்றும் வால்வு ஆம்ப் விற்கின்றன.

பலகை ஒன்றா, இரண்டா?

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் அதற்குப் பெயர் காம்போ. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பலகைகள் இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு திறந்த இடைவெளி. அந்த இடைவெளி வழியாக ஸ்பீக்கரின் முதுகு தெரியும்.

மேல்பலகைக்குப் பின்னால் இருப்பது சேஸிஸ் எனப்படும் உலோகத் தட்டும், வால்வுகளும், டிரான்ஸ்ஃபார்மர்களும். கீழ்ப்பலகைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் காற்றும் ஸ்பீக்கரும்தான். ஆகவே "பின்பலகையைக் கழற்றலாமா?" என்பது உண்மையில் இரண்டு கேள்விகள். ஒன்று ஒலி பற்றியது, இன்னொன்று மின்சாரம் பற்றியது. இணையத்தில் இதைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

கீழ்ப்பலகையைக் கழற்றினால் சவுண்டு மாறுமா?

மாறும். எப்படி என்பதைப் புரிந்துகொள்ள ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. ஆகவே முன்னால் ஓர் அலை, பின்னால் அதற்கு நேர் எதிரான ஓர் அலை. பின்பக்கம் திறந்திருந்தால் அந்த எதிர் அலை பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி தின்னாது. கிட்டாரின் தடித்த கீழ்க்கம்பி ஒரு நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. காற்றில் அதன் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். சிறிய காம்போ ஒன்றின் பின்புறத்திலிருந்து முன்புறம் சுற்றி வரும் தூரம் அரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். 4 மீட்டர் அலைக்கு அது தூரமே இல்லை. ஆகவே எதிர் அலை ஏறக்குறைய எதிராகவே வந்து சேர்ந்து, அடிஸ்வரம் மெலிந்துவிடுகிறது.

மெல்லிய மேல்கம்பி சுமார் 330 முறை அதிர்கிறது. அதன் அலைநீளம் 1 மீட்டர் சொச்சம். அரை மீட்டர் சுற்றி வருவதற்குள் அலை பாதிச் சுற்று பின்தங்கிவிடும். எதிராகக் கிளம்பியது, சேர்ந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அந்தப் பகுதி வலுக்கும். திறந்த பெட்டி "காத்தோட்டமா, விரிஞ்சு கேக்குது" என்று சொல்வதற்கும், மூடிய பெட்டி "நெஞ்சுல இடிக்குது" என்று சொல்வதற்கும் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

இந்த வித்தியாசம் நிறுவனங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், வாக்ஸ் ஏசி30 போன்ற காம்போக்கள் பின்பக்கம் பாதி திறந்தவை. நான்கு ஸ்பீக்கர் கொண்ட மார்ஷல் பெட்டி முழுக்க மூடியது. ராக் மேடைகளில் அடிவயிற்றில் இறங்கும் அந்தக் கனத்துக்கு மூடிய பெட்டியும் ஒரு காரணம்.

ஏற்கெனவே பாதி திறந்த காம்போவில் கீழ்ப்பலகையையும் எடுத்தால் மாற்றம் சிறிதாகவே இருக்கும். அடிஸ்வரம் கொஞ்சம் குறையும், பின்பக்க ஒலி கூடும். முழுக்க மூடிய பெட்டியைத் திறந்தால் மாற்றம் பெரிது.

அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி கூம்பைப் பிடித்து வைத்திருக்கும். பலகையை எடுத்தால் அந்தப் பிடி போய்விடும். அதே ஒலி அளவுக்குக் கூம்பு முன்னும் பின்னும் அதிகம் ஓடும். பேஸ் கிட்டாருக்கு, அல்லது ஆம்பின் திறனுக்குப் பக்கத்திலேயே திறன் எல்லை உள்ள ஸ்பீக்கருக்கு, இது நல்லதல்ல. கூம்பு கிழியும் வரை தெரியாமலே போகலாம்.

கழற்றும்போது செய்யக் கூடாத இன்னொன்று: ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு ஆம்பை ஆன் செய்வது. வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கர் என்ற சுமை இணைந்தே இருக்க வேண்டும். சுமை இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்னழுத்தம் எகிறி, அதன் சுருளே எரிந்துபோகலாம். அந்த ஆம்பிலேயே விலை கூடிய உதிரிபாகங்களில் அதுவும் ஒன்று. பலகையைக் கழற்றும்போது வயர் கையில் மாட்டி இழுபடுவது சகஜம் என்பதால், ஆன் செய்யும் முன் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

திறந்த பெட்டியில் இருந்து ஒலி முன்னும் பின்னும் எட்டு வடிவில் பரவும். பின்னால் ஜன்னல் இருந்தால் பாதி வாசிப்பு தெருவுக்குத்தான். 20 வாட் வால்வு ஆம்ப் "சின்னது" என்று தோன்றலாம். ஆனால் வழக்கமான கிட்டார் ஸ்பீக்கரோடு முழுதாக முடுக்கினால் 1 மீட்டர் தூரத்தில் 110 டெசிபலைத் தொடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்துள்ள அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆசிரமங்களும் தியானத்துக்கு வருபவர்களும் நிறைந்த ஊரில் இது சும்மா புள்ளிவிவரம் அல்ல.

ஆம்பைச் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் திருப்பினாலே ஒலியும் தெளியும், சண்டையும் குறையும். மூலையில் ஒட்டி வைத்தால் அடிஸ்வரம் குழம்பும், சூடும் தேங்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

20 வாட் ஒலி தரும் வால்வு ஆம்ப் சுவரிலிருந்து சுமார் 100 வாட் மின்சாரம் எடுக்கும். மீதியெல்லாம் சூடு. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஒரு சூடேற்றி தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கிறது. ஈஎல்34 வகை வால்வின் சூடேற்றி மட்டும் 9 வாட்டுக்கு மேல் தின்னும். அதன் தகடு இன்னொரு 25 வாட் வரை சூட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. பவர் வால்வின் கண்ணாடி 200 டிகிரியை எட்டக்கூடும். ஏசி30 மாதிரி ஆம்ப்களில் வாசிக்காமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே வால்வுகள் கிட்டத்தட்ட முழுச் சூட்டில்தான் இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வால்வு சூடாக இருக்கவே செய்யப்பட்டது. சூட்டுக்குப் பலியாவது வால்வை விட அதன் பக்கத்தில் இருப்பவைதான். முக்கியமாக எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். அதற்குள் இருக்கும் ஈரம் உலர உலர அதன் ஆயுள் குறையும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 25 டிகிரி அறைக்கும் 40 டிகிரி அறைக்கும் இடையே 15 டிகிரி வித்தியாசம். அதே ஆம்ப், அதே வாசிப்பு என்றாலும் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஆகவே நம்ம ஊரில் சூட்டைப் பற்றிக் கவலைப்படுவது வீண் பயமில்லை. கேள்வி, பலகையைக் கழற்றுவது அதற்குச் சரியான மருந்தா என்பதுதான்.

பெரும்பாலும் இல்லை. ஆம்பைச் சுற்றியுள்ள காற்றே 40 டிகிரியில் இருந்தால், பலகையை எடுத்தாலும் உள்ளே போவது அதே 40 டிகிரிக் காற்றுதான். சூடான காற்று மேலே ஏற, குளிர்ந்த காற்று கீழிருந்து வருவதற்கு வழி இருந்தால் போதும். அந்த வழியை மேல்பலகையின் துளைகளும் இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் ஏற்கெனவே தருகின்றன. தனி ஹெட் வகை ஆம்ப்கள் சிலவற்றில் கீழே காற்று நுழைந்து மேலே கம்பி வலை வழியாக வெளியேறும். அங்கே பின்பலகையும் சேர்ந்துதான் புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. அதைக் கழற்றினால் அந்த ஓட்டமே கலையலாம்.

பின்னால் ஒரு சிறு மேசை விசிறியை வைத்து மெதுவாக ஓடவிடுவது, பலகையைக் கழற்றுவதை விட அதிகப் பலன் தரும். ஒரு திருகுகூடத் தொட வேண்டியதில்லை.

மேல்பலகைக்குப் பின்னால் என்ன ஆபத்து?

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். வால்வு ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை இன்னும் உயர்த்தி, நேர்மின்னாக மாற்றி, 350 முதல் 500 வோல்ட் வரை வால்வின் தகட்டுக்குக் கொடுக்கிறது. வறண்ட தோலுக்குள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மின்தடை தோராயமாக 1,000 முதல் 2,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 400 வோல்ட்டில் 200 முதல் 400 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய அளவு அது.

கிட்டார் வாசிப்பவருக்கு இதில் தனியான ஓர் ஆபத்து இருக்கிறது. கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் சேஸிஸுடன் இணைந்திருக்கின்றன. இரைச்சலைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. இடது கை கம்பியைப் பிடித்திருக்கும்போது வலது கை ஆம்புக்குப் பின்னால் போய் உயர் மின்னழுத்த முனை ஒன்றில் பட்டால், சுற்று முழுமையாகிவிடும். மின்சாரம் ஒரு கையில் நுழைந்து நெஞ்சு வழியாக மறு கையில் வெளியேறும். "வால்வு ஒழுங்கா எரியுதான்னு பார்க்கலாம்" என்று தோளில் கிட்டாரோடு குனிவது எவ்வளவு சாதாரணமான விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

"வீட்ல டிரிப்பர் இருக்கே, அது ஆஃப் பண்ணிடாதா?" என்று கேட்கலாம். பண்ணாது. வீட்டில் பொருத்தும் ஆர்சிசிபி, போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் வித்தியாசம் வந்தால்தான் துண்டிக்கும். ஆம்புக்குள் இருக்கும் உயர் மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், தனிச் சுற்றில் ஓடுகிறது. அங்கே ஆள் மாட்டிக்கொண்டாலும் சுவர்ப் பக்கத்தில் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும். ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியாது.

"பிளக்கைப் பிடுங்கிட்டு கழட்டினா?" அப்போதும் முழுப் பாதுகாப்பு இல்லை. கெபாசிட்டர்கள் மின்னேற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும். 450 வோல்ட்டில் இருக்கும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றில் சுமார் 10 ஜூல் ஆற்றல் இருக்கும். கையைச் சுடவும் ஆளைத் தூக்கி எறியவும் அது போதும். நல்ல ஆம்ப்களில் அந்த மின்னேற்றத்தை மெல்ல வடித்துவிடும் ரெசிஸ்டர் இருக்கும். ஆனால் பழைய ஆம்பில் அது இல்லாமலிருக்கலாம், அல்லது எரிந்துபோயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

எல்லா ஆம்பிலும் ஆபத்து ஒரே இடத்தில் இல்லை. சிலவற்றில் மேல்பலகையை எடுத்தால் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் மட்டும் தெரியும், முனைகள் சேஸிஸுக்கு உள்ளே இருக்கும். பழைய ஃபெண்டர் ட்வீட் வகையில் சேஸிஸின் திறந்த வாயே பின்பலகையைப் பார்த்திருக்கும். பலகைதான் அதன் ஒரே மூடி. 807 போன்ற சில பழைய வால்வுகளில் கண்ணாடியின் தலையிலேயே உயர் மின்னழுத்த முனை இருக்கும். எந்த ஆம்ப் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவருக்கு ஒரே விதி: தொடாதே.

பழைய ரேடியோ சொல்லும் பாடம்

இந்தப் பிரச்சினை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. வால்வு ரேடியோவின் முதுகில் துளைகள் போட்ட பழுப்பு நிற ஹார்டுபோர்டு அட்டை ஒன்று இருக்கும். சூடும் வெளியேற வேண்டும், விரலும் உள்ளே போகக் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் கண்டுபிடித்த ஒரே விடை அந்தத் துளைகள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவு விலை ரேடியோக்கள் சிலவற்றில் சேஸிஸே நேரடியாக வீட்டு மின்சாரத்துடன் இணைந்திருக்கும். அங்கே அந்த அட்டை இல்லையென்றால் ரேடியோவைத் தொடுவதே மின்கம்பியைத் தொடுவதற்குச் சமம். அமெரிக்க ரேடியோ, டிவி செட்டுகள் பலவற்றில் பின்னட்டையைக் கழற்றினால் மின்கம்பியும் சேர்ந்து கழன்று வரும்படி செய்திருந்தார்கள். மூடி இல்லாமல் ஓடவே கூடாது என்பதுதான் நோக்கம்.

கோயில் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த வால்வு ஆம்ப்ளிஃபையர்களும் துளையிட்ட இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தன. சூட்டுக்குத் துளை, கைக்கு மூடி. அன்றைய பொறியாளர்கள் போட்ட அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

இரைச்சலும் பல்லியும்

மேல்பலகையின் உள்பக்கத்தில் சில ஆம்ப்களில் அலுமினியத் தாளோ உலோக வலையோ ஒட்டியிருக்கும். அது அழகுக்கு இல்லை. சுற்றியுள்ள மின்கம்பி, எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் கிளப்பும் இரைச்சல் சுற்றுக்குள் நுழையாமல் தடுக்கும் கவசம். கழற்றினால் "ம்ம்ம்" என்ற முனகல் கூடுவதைக் காதாலேயே கேட்கலாம். அந்த முனகலுக்கு வால்வு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது வால்வு வாங்குபவர்களும் உண்டு.

1950, 60களின் சில அமெரிக்க ஆம்ப்களில் உள்பக்கத்தில் வெள்ளை நிறத்தில் வேறொரு தாள் இருக்கலாம். சூட்டைத் தடுக்க ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸாக அது இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

அப்புறம் நம் வீடுகளின் நிரந்தர விருந்தாளிகள். கதகதப்பான இடம் என்றால் பல்லிக்கும் கரப்பானுக்கும் எறும்புக்கும் கொண்டாட்டம். இன்வெர்ட்டர் போர்டில் பல்லி விழுந்து புகைந்த கதை தெருவுக்கு ஒன்று இருக்கும். 400 வோல்ட் முனைகள் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் வால்வு சாக்கெட்டில் அது நடந்தால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். கோடையில் படியும் தூசி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் இழுத்தால் அதே முனைகளுக்கு இடையே பொறி பறக்க வழி செய்யும். பலகை இருந்தால் இவை வரவே வராது என்றில்லை. பலகை இல்லையென்றால் அழைப்பிதழ் வைத்த மாதிரி.

வெளிநாட்டு ஆம்ப் என்றால் கூடுதல் கவனம்

உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆள்கள் வந்து மாதக்கணக்கில் தங்கும் ஊர் திருவண்ணாமலை. அமெரிக்காவில் வாங்கிய ஆம்பை யாராவது கொண்டுவந்தாலோ, அங்கிருக்கும் உறவினர் வாங்கி அனுப்பினாலோ, முதலில் பார்க்க வேண்டியது பின்பலகையின் திருகை அல்ல. அதில் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தை. அது 120 வோல்ட் என்றால் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

அத்தோடும் முடியவில்லை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50இல் ஓடும்போது அதன் இரும்புக்குள் காந்தப்புலம் 20 சதவீதம் கூடும். அதனால் இன்னும் சூடாகும். "இந்த ஆம்ப் மட்டும் ஏன் இவ்ளோ கொதிக்குது?" என்ற கேள்விக்கு விடை காற்றோட்டத்தில் இல்லாமல் இந்த 10 ஹெர்ட்ஸில் இருக்கலாம். பலகையைக் கழற்றுவது காய்ச்சலுக்குச் சட்டையைக் கழற்றுவது மாதிரி. காய்ச்சல் அப்படியேதான் இருக்கும்.

நம் ஊர் மின்னழுத்தம் இரவில் 240ஐத் தாண்டி ஏறினாலும் இதே கதைதான். சூடேற்றியும் கூடுதலாக எரியும், உயர் மின்னழுத்தமும் கூடும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று அதற்கு உதவும்.

சரி, என்னதான் செய்வது?

• ஆம்பைச் சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். அலமாரிக்குள், மெத்தை மேல், துணி போர்த்தி ஓட்டவே வேண்டாம்.

• பின்னால் சிறு விசிறி. காற்று கீழிருந்து மேலே ஏறும் திசையில் இருந்தால் இன்னும் நல்லது.

• இடைவேளை என்றால் ஸ்டாண்ட்பை, அரை மணிக்கு மேல் என்றால் முழுக்க ஆஃப்.

• சூடான ஆம்பைத் தூக்கி ஆட்டோவில் வைக்காதீர்கள். ஆஃப் செய்து 15, 20 நிமிடம் ஆறிய பிறகு நகர்த்துங்கள். சூட்டில் இருக்கும் வால்வு அதிர்ச்சி தாங்காது.

• ஒலி மாற்றம் பார்க்க ஆசையென்றால் கீழ்ப்பலகையை மட்டும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் வயரைத் தொடாமல் கழற்றிப் பாருங்கள். திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் மாட்டிவிடலாம்.

• மேல்பக்கத்துக்குக் காற்று போதவில்லை என்றே தோன்றினால், பலகைக்குப் பதிலாகத் துளையிட்ட இரும்புத் தகடு பொருத்தச் சொல்லுங்கள். அதை வால்வு ஆம்ப் தெரிந்த டெக்னீஷியன்தான் செய்ய வேண்டும். தகட்டைச் சேஸிஸின் எர்த்துடன் இணைக்க வேண்டும். விரல் நுழையாத துளையாக இருக்க வேண்டும்.

• மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள். சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று வாசிக்காதீர்கள்.

• யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108.

டெக்னீஷியனை எங்கே தேடுவது?

மாவட்டத் தலைநகரங்களில் இன்று வால்வுச் சுற்று தெரிந்த கைகள் குறைவு. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கெபாசிட்டரைப் பாதுகாப்பாக மின்னிறக்குவது அவர்களுக்குத் தினசரி வேலையாக இருந்தது. ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னொரு கையால் மட்டும் அளப்பது அவர்கள் காலத்துப் பழக்கம். இரண்டு கையும் உள்ளே போனால்தானே நெஞ்சு வழியாகச் சுற்று முழுமையாகும்? உதிரிபாகத்துக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம். உயர் மின்னழுத்தத்துக்கான கெபாசிட்டர் வாங்கும்போது 105 டிகிரி வகையாகக் கேட்டு வாங்குவது நம் வெயிலுக்குப் பொருத்தம்.

"பலகையைக் கழட்டாம சூட்டைக் குறைக்கணும்" என்று அவர்களிடம் சொன்னால், முதலில் வால்வின் பயஸ் அளவைத்தான் பார்ப்பார்கள். தேவைக்கு மேல் மின்னோட்டம் எடுக்கும் வால்வு தேவைக்கு மேல் கொதிக்கும். பயஸை மாற்றும் வசதி உள்ள ஆம்பில் அரை மணி வேலை. சூடு குறையும், வால்வின் ஆயுள் கூடும், டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும். பின்பலகை இருந்த இடத்திலேயே இருக்கும்.